அந்தோணியார் கோழியை அறுத்தவள்

ஊருக்குப் போய்விட்டுப் பாரிசுக்குத் திரும்பிய கையோடு எங்கள் ஊர்க்காரர் மங்கையர்க்கரசி எங்கள் வீட்டுக்கு வந்தார். வடகமும் கருவாடும் கொடுத்தார். கூடவே ஒரு சேதியும் கொடுத்தார். காரைக்கால் பஸ் நிலையத்தில் யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்களாம், அதை அவருடைய நாத்தனார் கேட்டாராம்.

“உங்க அக்கா அந்தோணியார் கோழியை அறுத்துத் தின்னுட்டாங்களாம். அதுலேர்ந்து தெருவுல ஒரு வீட்டுக் கோழியும் தங்கலையாம். மூஞ்சி வீங்கி, மூச்சு விட முடியாம, கொறட்டை விட்டு விட்டுச் சாவுதாம். நான் நம்பல. சும்மா உங்க காதுல போட்டு வைக்கிறேன்.”

நம்பாதவர் எதற்காக மெத்ரோவில் இரண்டு வண்டி மாறி வந்து சொல்ல வேண்டும்? அவர் போன பிறகு கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

அந்தச் சேதியில் கோழி உண்மை. அறுத்தது உண்மை, தின்றதும் உண்மை. வரிசைதான் தலைகீழ். கோழிகள் முதலில் செத்தன. அக்கா பிறகுதான் அறுத்தாள்.

சலோமி என் அக்கா. காரைக்காலிலிருந்து விழிதியூர் போகும் பாதையில், தெரு முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அவள் வீடு. கணவர் சூசைமுத்து மஞ்சள்காமாலையில் இறந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, பிள்ளைகளும் இல்லை. பக்கத்து வீடு சூசைமுத்துவின் அண்ணன் சந்தனசாமியுடையது. காரியம் முடிந்ததுமே அவர் சொல்லிவிட்டார், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன் வீட்டோடு வந்து இருக்கும்படி.

“தனியா ஒரு பொம்பளைக்கு எதுக்கு ஒரு அடுப்பு?”

“என் அடுப்பு என் பக்கத்துலயே இருக்கட்டும் பெரியத்தான்” என்றாள் அக்கா.

அந்த அடுப்பு எரிந்தது கோழிகளால். முட்டை தினமும் போகும். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கல்யாண வீடுகளுக்கும் கோழி போகும். கோழிகள் இருக்கும்வரை அவள் யார் வீட்டுச் சோற்றுக்கும் போக வேண்டியதில்லை. ஒவ்வொன்றின் நடையிலும் தெரிந்த யாரையோ பார்த்து அதற்குப் பேர் வைத்திருந்தாள். கான்வென்ட்டு மதர் மாதிரி தலையை நிமிர்த்தி நடக்கும் வெள்ளைப் பெட்டைக்குப் பேர் ‘மதர்’. மற்றவற்றை மிரட்டிக்கொண்டே திரியும் கறுப்புச் சேவலுக்குப் பேர் ‘கொமிசேர்’. பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ காலம் ஆன பிறகும் எங்கள் ஊரில் போலீஸ் அதிகாரி என்றால் சிலருக்கு அந்தச் சொல்தான் வாயில் வரும்.

தெருமுனையில் ஒரு குருசடி. சிலுவை நட்டு, அந்தோணியார் சுரூபம் வைத்த சின்னக் கோயில். அதன் பொறுப்பும் சந்தனசாமியிடம்தான். ஜூன் பதின்மூன்றாம் தேதி திருநாள். நேர்ச்சைக் கோழிகளை அங்கே கட்டி, பூசை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். கோழிக்குச் சீக்கு வந்தால் எங்கள் தெருக்காரர்கள் நேர்ந்துகொள்வது ஒரே மாதிரிதான்: ‘அந்தோணியாரே, இதுல ஒண்ணு பொழைச்சா அது உமக்கு.’ பிழைத்த கோழி குருசடிக்கு வரும். ஏலத்தில் எடுத்தவர்கள் அதை ஆசீர்வாதம் என்று வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அந்தோணியார் கோழியை அடைக்கக் கூடாது, பஞ்சாரக் கூடையால் கவிழ்க்கக் கூடாது, அறுக்கவும் கூடாது. நேராக மந்தையில் விட்டுவிட வேண்டும். அதன் ராசி மற்றவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

போன வருடத் திருநாளில் அக்கா ஒரு செவலைப் பெட்டையை எடுத்தாள். கும்பிட்டுத்தான் எடுத்தாள். மந்தையில் விட்டாள். அதே ஏலத்தில் இன்னும் மூன்று வீடுகளும் கோழி எடுத்தன.

கொஞ்ச நாளில் மதர் தும்ம ஆரம்பித்தது. கோழி தும்மும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பிறகு மூக்கில் நீர், கண்ணைச் சுற்றி வீக்கம். ஒரு கண் முழுக்க மூடிக்கொண்டது. கூட்டுக்குப் பக்கத்தில் போனாலே ஒரு நாற்றம். அக்கா பூண்டையும் மிளகையும் தட்டி வாயில் ஊட்டினாள், மூக்கைத் துடைத்துவிட்டாள், முகத்துக்கு மஞ்சள் போட்டாள். ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டே இருந்தன. கூட்டுக்குள்ளிருந்து கரகரவென்று இழுப்புச் சத்தம். செவலை மட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரி மேய்ந்துகொண்டிருந்தது.

அவள் கொமிசேரைக் கூடையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

“புதுசா எதாவது கோழி உள்ள வந்துச்சா?”

“அந்தோணியார் கோழி ஒண்ணு வந்துச்சு சார்.”

“எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குறேன்.”

“அதான் சார், அந்தோணியார்கிட்டேர்ந்து.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அவருக்கு யாரு குடுத்தா?”

“யாரோ நேந்து விட்டது. சீக்குல கெடந்து பொழைச்ச கோழி. பொழைச்சாத்தானே சார் குடுப்பாங்க.”

டாக்டரின் சிரிப்பு நின்றது. “பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கும். மூக்குக்குள்ள சீக்கு அப்படியே இருக்கும்மா. அது வாய் வச்ச தண்ணியில மத்தது வாய் வச்சா போதும். மருந்து தர்றேன், தண்ணியில கலந்து வைங்க. இழுப்பு அடங்கும். ஆனா பொழைச்சதையும் புதுசையும் ஒண்ணாச் சேக்காதீங்க. திரும்ப நல்ல மந்தை வேணும்னா பழசு ஒண்ணும் மிஞ்சக் கூடாது. கூட்டையும் கொஞ்ச காலம் காலியாப் போடணும்.”

அக்கா வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். குருசடியில் கட்டுகிற கோழி அத்தனையும் பிழைத்த கோழி. வருடா வருடம் தெருவே கைகூப்பிச் சீக்கை ஏலம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறது.

மருந்தில் கொமிசேர் தேறியது. கூடவே நாலைந்து பெட்டைகளும் தேறின. தேறியதைப் பார்த்த பிறகுதான் அவள் அரிவாள்மணையை எடுத்தாள். ஒளிந்து மறைந்து செய்யவில்லை. பட்டப்பகலில், வாசலில் உட்கார்ந்து, முதலில் செவலையை அறுத்தாள். பிறகு தேறிய மற்றவற்றையும்.

“கொமிசேர் என் கையைக் கொத்தவே இல்ல தம்பி” என்றாள் என்னிடம். “அதுதான் எனக்குக் கோவம்.”

செத்தவற்றைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள். அறுத்ததைக் குழம்பு வைத்தாள். அக்கம்பக்கத்தில் யாரும் கிண்ணம் நீட்டவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் சந்தனசாமி வந்தார். வேலி ஓரத்தில் தெரு நின்றது.

“நீ அறுத்தது யாரு கோழி தெரியுமா?”

“ஏலத்துல எடுத்தவ நான். என் கோழி.”

“அந்தோணியார் கோழி. அதை அடைக்கக்கூடக் கூடாது, நீ அறுத்துருக்க.”

“அடைச்சிருந்தா அறுத்துருக்க வேணாம் பெரியத்தான்.”

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்து, உடனே இருமினார்கள்.

டாக்டர் சொன்னதை அவள் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. தம்பி சூசைமுத்து சாகக் கிடந்தபோது அந்தக் குருசடியில் முழங்காலில் நின்றவர். அதனால்தான் அந்தப் பேச்சு அவருக்குத் தாங்கவில்லை.

“அந்தோணியார் சீக்கு குடுக்குறாருங்கிற.”

“அவரு எங்க குடுத்தாரு. நாமதான் அவரு கையில குடுத்து அவரு கையாலயே வாங்கிக்கிறோம்.”

“வாய் ரொம்ப நீளுது. வர்ற திருநாளுக்கு ரெண்டு கோழி உசுரோட கொண்டாந்து கட்டி, தெரியாம செஞ்சுட்டேன்னு மன்னிப்புக் கேளு. இல்லாட்டிச் சப்பரம் உன் வாசல்ல நிக்காது.”

“தெரிஞ்சுதான் செஞ்சேன். தெரியாமன்னு அவருகிட்டயே பொய் சொல்லச் சொல்றீங்களா? சப்பரம் நிக்காட்டிப் போவட்டும். எனக்குக் கால் இருக்கு, நான் எந்திரிச்சு வந்து கும்புட்டுக்கிறேன்.”

அவர் காலிக் கூட்டைப் பார்த்தார். குரல் இறங்கியது. “இனி என்ன இருக்கு உனக்கு இங்க? பூட்டிட்டு வந்துடும்மா.”

“கூடுதான் காலி பெரியத்தான். வீடு காலி இல்ல.”

அதே வாரம், ஏலத்தில் கோழி எடுத்த மற்ற மூன்று வீடுகளிலும் தும்மல் கேட்டது. அந்தப் பழியும் அவள் தலையில் விழுந்தது. பஸ் நிலையத்துக்குப் போய், பாரிசு வரைக்கும் வந்தது அதுதான்.

அக்கா கூட்டின் தரையைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, கதவைக் கழற்றி வெயிலுக்குத் திறந்து போட்டாள். கூலிக்கு நாற்று நட விழிதியூர் வயலுக்குப் போனாள். சாயங்காலம் சேறு உலர்ந்த காலோடு சந்தனசாமி வீட்டார் கண்ணெதிரேதான் வர வேண்டும். வாசலில் யாராவது சோறு தின்ன அழைத்தால், தின்றுவிட்டேன் என்று நடந்துகொண்டே சொல்வாள்.

இனி கோழி வாங்குவதில்லை, முட்டை வாங்கிக் குஞ்சு பொரிப்பது என்று முடிவு செய்திருந்தாள். முட்டை வழியாக இந்தச் சீக்கு வராது என்று டாக்டரிடம் மறுபடி போய்க் கேட்டுக்கொண்டாள். ஆனால் அடைகாக்க ஒரு கோழி வேண்டுமே. தெருக் கோழி எதையும் உள்ளே விட அவளுக்கு மனம் இல்லை. அப்போதுதான் ஆரிபா லாத்தா வீட்டு வான்கோழி ஞாபகம் வந்தது.

‘லாத்தா’ என்றால் எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்கா. ஆரிபா லாத்தா என் அக்காவிடம் முட்டை வாங்குகிறவர். புருஷன் சவுதியில். அதனால் வீட்டில் தொலைபேசி உண்டு. நான் பாரிசிலிருந்து அக்காவோடு பேசுவது அந்தத் தொலைபேசியில்தான். அவர் கோழி வளர்ப்பதில்லை. யாரோ கொடுத்த ஒரு வான்கோழிப் பெட்டை மட்டும் கொல்லையில் நாள் முழுக்க வெறும் மண்ணில் அடை உட்கார்ந்திருக்கும்.

“லாத்தா, உங்க வான்கோழி சும்மாத்தானே ஒக்காந்துருக்கு?”

“என் மாமியாரும் சும்மாத்தான் ஒக்காந்துருக்காங்க. அவுங்களையும் கூட்டிட்டுப் போறியா?”

சீக்கே எட்டிப் பார்க்காத ஒரு வீட்டிலிருந்து, பட்டினத்திலிருக்கும் தன் சொந்தக்காரர் மூலம், ஆரிபா லாத்தாவே முட்டை வரவழைத்துக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போனபோது, ஒரு பெரிய வான்கோழி கழுத்தை ஆட்டிக்கொண்டு அக்காவின் கொல்லையில் நடக்க, பின்னால் கோழிக்குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. தன் பிள்ளைகள் ஏன் இத்தனை குள்ளம் என்று அதற்குச் சந்தேகமே வரவில்லை.

அன்று அக்கா எனக்குக் காட்டியது குஞ்சுகளை அல்ல, வேலியை. தன் பக்கத்திலும் சந்தனசாமி பக்கத்திலும் கோழி நுழையும் சந்துகளை எல்லாம் கருவமுள் வைத்து அடைத்திருந்தாள்.

“முள்ளு எத்தனை நாளைக்கு நிக்கும்? ஜூன் மாசம் பெரியத்தான் ஒரு அந்தோணியார் கோழி எடுத்துட்டு வருவாங்க. அது வேலியைத் தாண்டும். மறுபடி தும்மல். இன்னொரு தடவ மந்தை போச்சுன்னா நான் அந்த வீட்டுச் சோத்துக்குத்தான் போவணும்.”

“வேற வேலை பாக்கலாமேக்கா. நான் அனுப்புறேன்…”

“நீ அனுப்பு, வேணாங்கல. ஆனா என் கோழி சாவக் கூடாது.”

போன வாரம் ஆரிபா லாத்தா வீட்டிலிருந்து பேசினாள். குரலில் ஒரு குஷி. இந்த முறை குருசடிக்கு அரிவாள்மணையோடு போகப் போகிறாளாம். ஏலம் போடட்டும், யாரும் தடுக்கவில்லை. எடுத்தவர்கள் கோழியை உயிரோடு கொண்டுபோகக் கூடாது. அவளே அங்கே உட்கார்ந்து அறுத்து, உரித்து, இலையில் கட்டிக் கொடுப்பாள். அந்தோணியார் கறியாகவே வீட்டுக்கு வரட்டும். கோழி செத்த மூன்று வீட்டுப் பெண்களும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“வருவாங்களா?”

“ரெண்டு பேரு வருவாங்க. ஒருத்தி புருஷனைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவா.”

“வேணாங்க்கா. நாலு பேரு கூடிக் கைய கிய ஓங்கிட்டா?”

“நீ பயப்படுறதுக்குன்னே பிரான்சுக்குப் போனியா தம்பி? அங்க நல்லா பயப்படு. குளிருக்கும் இதமா இருக்கும்.” பிறகு சொன்னாள்: “ஏலம் முடிஞ்சதும் லாத்தா வீட்டுக்குத்தான் வருவேன். கூப்புடு.”

இன்று ஜூன் பதின்மூன்று. ஊரில் பூசை முடிந்திருக்கும், ஏலமும் முடிந்திருக்கும். சப்பரம் கிளம்பியிருக்கும். அது எந்த வாசலில் நின்றது, எந்த வாசலைத் தாண்டியது என்று எனக்குத் தெரியாது. டிரங்கு கால் பதிந்துவிட்டு, கைக்குக் கிடைத்த தாளில் இதை எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் இணைப்புக் கிடைத்தது. ஆரிபா லாத்தா வீட்டில் மணி அடிக்கிறது.

வீட்டை விட்டு வெளியே போகாதவர் ஆரிபா லாத்தா; மாமியார் தொலைபேசிப் பக்கமே வர மாட்டார். மணி அடித்தால் இரண்டாவது சத்தத்துக்குள் எடுத்துவிடுவார். அவரும் இல்லை என்றால், அக்காவுக்கு ஏதோ ஆகி அவர் ஓடியிருக்க வேண்டும். இல்லையென்றால், முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் குருசடி வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

“எடுக்கவில்லை, மெஸ்யே. வைத்துவிடட்டுமா?” என்கிறாள் எக்ஸ்சேஞ்ச் பெண்.

வைக்க வேண்டாம் என்கிறேன். அடிக்கட்டும்.