புல்வெளிக் குங்குமப்பூ

எங்களை இருத்தியிருந்த விடுதி முன்பு ஒரு சத்திரமாக இருந்தது. தென்ஜெர்மனியில், ஆற்றோரச் சிற்றூர் ஒன்றின் கடைசிக் கட்டடம். அதற்கப்பால் ஈரப் புல்வெளிதான். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை வேலை செய்யவும் கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டவும் கூடாது. ஆகவே எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை முழுவதும் நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கும் விதத்தை ஒரு புத்தகம் சொல்லித் தந்தது. தேவாலயத்தில் எங்களுக்குப் பழைய உடுப்புகள் பிரித்துக் கொடுக்கும் ஜெர்மன் அம்மா ஒருவர், எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்றறிந்து தன் வீட்டு அலுமாரியிலிருந்து எடுத்து வந்தது. இங்கிலாந்துப் புல்வெளிச் செடிகளைப் பற்றிய மிகப் பழைய நூல். படங்கள் கையால் வரைந்தவை, தாள் பழுப்பேறியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அச்சில் இருப்பதைப் பாதியில் விட்டு எழும்ப இன்றைக்கும் மனம் வராது. எனவே முதல் பக்கத்திலிருந்தே தொடங்கினேன்.

நிலத்துக்கே எத்தனை பெயர்கள்! அறுத்து உலர்த்துவதற்காகப் புல் வளரவிடும் நிலம் ‘மீட்’. மாடு மேயும் வெளி ‘லீ’. எந்நாளும் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும் தாழ்நிலம் ‘ஃபென்’. லீ என்பதற்கு நேரே ‘தரவை’ என்று தமிழில் எழுதியபோது உள்ளுக்குள் பெரிய திருப்தி. ஃபென்னுக்குத்தான் ஒன்றும் பொருந்தவில்லை. சதுப்பு என்று எழுதினேன், வெட்டினேன், பள்ளக்காணி என்று எழுதினேன், அதையும் வெட்டினேன். புல்லின் பெயர்களோ பெயர்த்தால் அப்படியே தமிழில் வந்து குந்திக்கொண்டன: நரிவால், சேவற்கால், நடுங்குபுல்.

விடுதியில் இது எல்லோருக்கும் பகிடி.

“தம்பி, அந்தச் சேவற்கால் கறிக்கு ஆகுமோ?” என்று கேட்பார் பக்கத்து அறை அண்ணை.

“வெள்ளைக்காரன் புல்லுக்கும் பேர் வைச்சிருக்கிறான். எங்கட பேரைத்தான் அவனுக்குச் சொல்ல வருகுதில்லை” என்பார் அவருடைய மனைவி.

விடுதியில் குடும்பமாக இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுந்தான். அண்ணையின் மனைவியை நான் அக்கா என்பேன்; அவருக்கு அப்போது ஐந்தாம் மாதம். வரும் வழியில், ஏதோ ஒரு விமான நிலையத்துக் கழிப்பறையில், முதல் கருவை இழந்திருந்தார். அதைப் பற்றி அக்கா கதைப்பதில்லை. ஆனால் படியிறங்கும்போது அவர் கைப்பிடியைப் பற்றும் விதத்தைப் பார்த்தாலே இந்தப் பிள்ளை தங்க வேண்டும் என்ற பயம் எங்களுக்கும் தொற்றிவிடும். சமையலறையில் அவரைக் கனமான சட்டியைத் தூக்க நாங்கள் யாரும் விடமாட்டோம்.

செப்டெம்பரில் புல்வெளி முழுவதும் ஊதாப் பூக்கள் வந்தன. இலையே இல்லை. வெறும் வெளிறிய தண்டு, அதன் உச்சியில் கிண்ணம் போல ஒரு பூ, பூவுக்குள்ளே மஞ்சள் நார்கள். ஒரு காலை அண்ணை அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, இது குங்குமப்பூவெல்லோ? பெட்டியில படம் இப்பிடித்தானே இருக்கும்? உம்மட புத்தகத்தைப் பாரும்.”

புரட்டினேன். படம் அச்சொட்டாக இருந்தது. மேலே பெயர்: மெடோ சஃப்ரன், புல்வெளிக் குங்குமப்பூ.

“பேர் அப்பிடித்தான் கிடக்கு. ஆனா கீழ எழுதியிருக்கிறது பழைய இங்கிலீஷ். வாசிச்சிட்டுச் சொல்லுறன், பொறுங்கோ அண்ணை.”

“என்னத்தை வாசிக்கிறது? பேரைப் போட்டிருக்கிறான், படத்தைப் போட்டிருக்கிறான். இவ்வளவு நாளும் கண்ணுக்கு முன்னால கிடந்திருக்கு!”

அவருடைய சந்தோசம் எனக்கு விளங்கியது. மாதமான பெண்ணுக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஊரில் இருந்திருந்தால் அதை அக்காவின் தாய் பார்த்திருப்பார். இங்கே எல்லாம் அண்ணைதான். அதோடு இன்னொன்றும் இருந்தது. பஸ்ஸில் நாங்கள் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய் நிற்பார். “என்ர பிள்ளைக்குப் பக்கத்தில ஆக்கள் இருக்கோணும்” என்று அண்ணை ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் போனபின் நான் அகராதியோடு உட்கார்ந்தேன். ஒரு பந்திதான். ஆனால் பாதிச் சொற்கள் என் கையடக்க அகராதியில் இல்லாதவை. ‘கைன்’ என்று ஒன்று. ‘கைன் இதை விலக்கும்’ என்ற அளவுக்கு வந்தேன். அந்தக் கைன் என்பது ஆளா, பூச்சியா, காற்றா? ஜன்னலால் வெளியே பார்த்தபடி யோசித்தேன். அடுத்த பண்ணைக்காரரின் மாடுகள் விடியற்காலையிலிருந்து மேய்ந்துகொண்டிருந்தன. அவை மேய்ந்து வந்த இடமெல்லாம் புல் ஒட்ட வெட்டியது போலக் கிடந்தது. பூக்கள் மட்டும் ஒன்றுவிடாமல் நின்றன. ஒரு மாடு மூக்கைக் கொண்டுபோய், பூவைச் சுற்றி நக்கி, அதை விட்டுவிட்டு நகர்ந்தது.

நான் சமையலறைக்கு ஓடினேன்.

அக்கா கதிரையில் இருந்தார். கையில் ஆவி பறக்கும் பால். அண்ணை எதிரே நின்று, “இஞ்சாரும், ஆறமுதல் குடியும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“அக்கா, குடியாதேங்கோ! அதை மாடு தின்னுதில்லை!”

அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. “மாட்டுக்குக் குங்குமப்பூவின்ர அருமை தெரியுமோ? நல்ல காரியம் ஒண்டு செய்ய விடமாட்டியள்.”

“புத்தகத்திலயும் ஏதோ விலக்கும் எண்டு கிடக்கு. முழுக்க விளங்கேல்லை. விளங்குமட்டும் வேண்டாம்.”

அக்கா எழுந்து ஜன்னலடிக்குப் போனார். அவருடைய வீட்டில் மூன்று மாடுகள் நின்றன என்று முன்பே சொல்லியிருக்கிறார். வெகுநேரம் வெளியே பார்த்தார். பிறகு தம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தார்.

“மாடு வேண்டாமெண்டதை என்ர வயித்துக்குள்ள விடமாட்டன்.”

“சும்மா பயப்படுறீர். நான் முதல் அரைத் தம்ளர் குடிச்சுப் பாத்திட்டுத்தானே உமக்குத் தந்தனான்? எனக்கு என்ன செய்தது?”

அக்கா திரும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. “குடிச்சனீங்களோ?”

மத்தியானம்வரை அண்ணைக்கு ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்லி எங்களைக் கேலியும் செய்தார். பின்னேரம் வாந்தி தொடங்கியது. நிற்கவேயில்லை. விடுதிப் பொறுப்பாளர் தொலைபேசியில் அம்புலன்ஸை அழைத்தார். நான் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் படத்தைக் காட்டியதும் அவர் பெயரைக்கூட வாசிக்கவில்லை. தாதிமாரை நோக்கி ஏதோ உரத்துச் சொன்னார். எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள். நஞ்சு என்று எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். இந்த நாட்டில் மாடு வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நஞ்சாம். ‘கைன்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் மாடுகள் என்று பிறகுதான் அறிந்தேன். “மனைவியும் குடித்தாரா?” என்று இரண்டு தரம் கேட்டார். இல்லை என்றபின்தான் மூச்சு விட்டார்.

சில நாட்கள் அண்ணையை அங்கேயே வைத்திருந்தார்கள். முதல் நாட்களில் அவர் பிழைப்பாரா என்பதையே யாரும் சொல்லவில்லை. அக்கா கட்டில் அருகே கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டார். அண்ணை கண் திறந்து கஞ்சி கேட்ட அன்று ஓர் இளம் தாதி வந்தாள். கோப்பில் எழுதுவதற்காக, எதற்காகக் குடித்தார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். பிள்ளை சிவப்பாகப் பிறக்க என்பதை எப்படிச் சொல்வது? “பிள்ளையின் நிறத்துக்காக” என்றேன். அவள் பொன்னிறப் புருவத்தைச் சுருக்கி, “எந்த நிறத்துக்காக?” என்று கேட்டாள்.

அண்ணை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“என்னவாம் அவள்?” என்று கேட்டார் அக்கா.

சொன்னேன்.

அக்கா அண்ணையின் ஊசி குத்தாத கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தார்.

“கறுப்பாகவே பிறக்கட்டும் எண்டு சொல்லு தம்பி. பிறந்தாப் போதும். அதைத் தூக்கத் தேப்பனும் இருந்தாக் காணும்.”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். தாதி எழுதவில்லை. பேனையை மூடிவிட்டுக் கஞ்சி எடுக்கப் போனாள்.