ஓப்பீரைத் தோண்டிய ஜஸ்டஸ்

ஜஸ்டஸின் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இன்றும் மடங்காது. அந்தக் கைக்குக் கட்டுப் போட்டவள் நான் என்பதால் அவனைப் பற்றி எழுதுகிறேன். பெரிய ஆள் ஒன்றும் இல்லை. அப்போது ஓமன் நாட்டுச் சலாலாவில் அவனைப் போல ஆயிரம் பேர் இருந்தார்கள்.

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவன். வள்ளக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் நடந்த ஒரு சண்டையில், தன் வலையை அறுத்தவனைத் துடுப்பால் முகத்தில் அடித்தான். தாடை பிளந்தது. அடிபட்டவன் சாகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கஞ்சியைத் தவிர வேறு எதையும் அவனால் சாப்பிட முடியவில்லை. வழக்கு ஒருவழியாக முடிந்ததும் வீட்டார் ஜஸ்டஸை ஓமனுக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

சலாலாவில் நாங்கள் வெள்ளிக்கிழமைதான் ஆராதனை நடத்துவோம். அன்றுதான் எல்லோருக்கும் லீவு. பாட்டு முடிந்ததும், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம். வந்த முதல் வருஷமே ஜஸ்டஸ் எழுந்து அந்தத் தாடையைப் பற்றிச் சொன்னான். "இனி ஒரு மனுசன்மேல என் கை எழும்பாது. இது கர்த்தருக்கு முன்னால நான் குடுக்குற வாக்கு" என்றான். சிலர் அழுதார்கள். நான் அழவில்லை. வார்டில் வேலை பார்க்கிறவளுக்கு ஆண்களின் வாக்கைப் பற்றி ஓரளவு தெரியும். ஆனால் அவன் காப்பாற்றினான். தொழிலாளர் கேம்பில் ஒருவன் அவன் முகத்தில் துப்பியபோதுகூடத் துடைத்துக்கொண்டு போனான். அந்த வாக்கைத் தவிர அவனிடம் பெருமைப்பட வேறொன்றும் இல்லை.

பிறகு அவனுக்கு ஒரு தோண்டும் இடத்தில் வேலை கிடைத்தது. சலாலாவுக்குக் கிழக்கே, கழிமுகத்தைப் பார்த்த மேட்டில், பழைய துறைமுகம் ஒன்று இடிந்து கிடந்தது. ஐரோப்பாவிலிருந்து ஒரு பேராசிரியர் ஆட்களோடு வந்து அதைத் தோண்டினார். ஜஸ்டஸ் மண் சுமந்தான், சல்லடை ஆட்டினான். சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் தங்கம் ஏற்றிய ஓப்பீர் இதுவாக இருக்கலாம் என்று சிலர் நினைப்பதாகப் பேராசிரியர் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். ஜஸ்டஸ் அந்த வெள்ளிக்கிழமையே எழுந்து நின்றான்.

"சபையாரே, நான் ஓப்பீரைத் தோண்டுதேன்."

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணப் பிரசங்கத்தில் ஓப்பீர்த் தங்கம் வராமல் இருக்காது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஷிபினும் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஷிபின் ஜஸ்டஸின் தங்கை புருஷன். தண்ணீர் லாரி ஓட்டினான். அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்ததே ஜஸ்டஸ்தான்.

இது 2005இல். ஜூலை பிறந்ததும் சலாலாவில் மழைத்தூறல் காலம் தொடங்கிவிடும். வெயிலே தெரியாது, மேடெல்லாம் பச்சையாகிச் சேறாகிவிடும். பேராசிரியர் தன் ஆட்களோடு ஊருக்குப் போய்விட்டார். ஜஸ்டஸைக் காவலுக்கு விட்டுப் போனார்கள். போகும் முன், தோண்டி எடுத்த பண்டகசாலையின் மேற்குச் சுவரைக் காட்டி எச்சரித்தார்கள். களிமண்ணில் அடுக்கிய கருங்கல் சுவர், ஆள் உயரத்துக்கு மேல், நடுவில் வயிறு தள்ளியிருந்தது. மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆட்டையும் மனிதரையும் அதன் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஜஸ்டஸின் முக்கிய வேலை.

தூறல் காலம் முடியப்போகிற நேரத்தில், ஒரு மத்தியானம் ஷிபின் தண்ணீர் லாரியில் வந்தான். கூடவே அன்பரசன் என்று புதுக்கோட்டைக்காரன் ஒருவன், அதே கம்பெனிக் கிளீனர். ஜஸ்டஸ் காவல் கேபினில் சோறு வடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், சாப்பிட்டாச்சா?"

"இல்ல. இரிங்க, சேந்து தின்போம்."

"சோறு வேண்டாம். கேக்குறதுக்குப் பதில் சொல்லு. சபையில எல்லாரும் கேக்க ஓப்பீருண்ணு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"ஓப்பீர்ல தங்கம் உண்டுண்ணு வேதத்துல இருக்கா இல்லியா?"

"இருக்கு."

"பின்ன எங்கலே தங்கம்?"

"ஒடஞ்ச பானையும் மீன்முள்ளும்தாம்லே கெடக்கு. நீயே வந்து பாரு."

"அப்ப வேதம் பொய்யா?"

பொய் என்று ஜஸ்டஸ் எப்படிச் சொல்வான்? பொய் இல்லை என்றால் தங்கத்தைக் காட்ட வேண்டும்.

வடித்துக்கொண்டிருந்த பானையைத் தூக்கி ஷிபின் முதல் அடியை அடித்தான். கொதிக்கும் கஞ்சி தோளிலும் கழுத்திலும் ஊற்றியது. அவன் கீழே விழுந்ததும் இருவரும் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்தது. ஷிபின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி முகத்தை மேஜை விளிம்பில் இடித்தான். முன்பல் இரண்டு உதிர்ந்தன. ஜஸ்டஸ் கையை ஓங்கவில்லை. ஷிபினைவிட அவன் பலசாலி. அது ஷிபினுக்கும் தெரியும், அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது.

"அடியேம்லே திருப்பி! பெரிய பரிசுத்தவான்!"

"இவன்ட்ட என்ன பேச்சு" என்றான் அன்பரசன். "கையப் புடி, நான் கேக்குறேன்."

வலது கையை மேஜைமேல் பரப்பிப் பிடித்துக்கொண்டு, லாரியிலிருந்து கொண்டுவந்திருந்த வீல் ஸ்பேனரால் நடுவிரலை அடித்தார்கள். பிறகு மோதிர விரலை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது.

அப்போதுதான் ஜஸ்டஸ் வாயைத் திறந்தான்.

"மேக்குச் செவுருக்கு அடியில."

"என்னது?"

"தங்கம். பொட்டியில இருக்கு. முட்டுக் கட்டைய எடுத்துட்டுத் தோண்டணும். இல்லண்ணா கடப்பாரை எறங்காது."

ஷிபின் அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தான். "இத மொதல்லயே சொல்லப்பிடாதா மச்சான்?"

கேபினுக்குள் கிடந்தபடியே ஜஸ்டஸ் கேட்டான். ஒரு கட்டை விழும் சத்தம், இரண்டாவது கட்டை. கொஞ்ச நேரம் கடப்பாரைச் சத்தம். பிறகு சுவர் மொத்தமாக வந்தது. அலறல் ஒன்றுதான், அதுவும் பாதியில் நின்றது. அன்பரசன் மேட்டிலிருந்து இறங்கி ஓடினான். அவனை அதற்குப் பிறகு சலாலாவில் யாரும் பார்க்கவில்லை.

ஜஸ்டஸ் ஊர்ந்து வெளியே வந்தான். ஷிபினின் இடுப்புக்குக் கீழே கல் குவிந்திருந்தது, வாயில் நிறைய மண். இடது கையால் மண்ணைத் தோண்டி எடுத்தான். கல்லை அசைக்க முடியவில்லை. லாரி வரைக்கும் தவழ்ந்து போய், ஒட்டகம் மேய்ப்பவன் ஓடி வரும்வரை முழங்கையால் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

இருவரும் எங்கள் வார்டுக்குத்தான் வந்தார்கள். ஷிபினின் வலது காலைத் தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேறு படுக்கை காலியில்லாததால் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டோம். போலீஸ் வந்து கேட்டது. சுவர் விழுந்தது என்றான் ஷிபின். சுவர் விழுந்தது என்றான் ஜஸ்டஸ். தங்கை புருஷனின் காலையும் போக்கிவிட்டு அவனை ஜெயிலுக்கும் அனுப்புவதா என்று நினைத்திருப்பான். ஆனால் சுவர் விழுந்தால் விரல் இப்படித் தனித்தனியாக ஒடியாது, கஞ்சியும் ஊற்றாது. புண்ணைத் துடைக்கும்போது கேட்டேன். மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டான்.

"விழுமுண்ணு தெரியுமா?" என்றேன்.

"தெரியும்க்கா. அதுக்குத்தான் சொன்னேன்."

நான் பஞ்சை மாற்றினேன். வேறென்ன செய்ய?

ஷிபினுக்கு உணர்வு திரும்பிய நாளிலிருந்து வார்டில் தூக்கம் இல்லை. இல்லாத காலில் அரிக்கிறது என்று கத்துவான். "தங்கம் கேட்டவனுக்கு ஒரு பெட்பேன் குடுங்கக்கா" என்பான் ஜஸ்டஸ், பல்லில்லாத வாயால். ஷிபின் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து எறிவான். ஜஸ்டஸின் தலையில் படும். அதையும் பொறுத்துக்கொள்வான்.

தூறல் காலம் முடிந்து பேராசிரியர் வந்தார், மேட்டைப் பார்த்துவிட்டு நேராக வார்டுக்கு. மேட்டில் ஷிபினின் இரத்தத்தை மழை கழுவியிருந்தது, ஆனால் சுவர் விழுந்தபடியே கிடந்தது. அதன் உட்பக்கத்தில் எழுத்து வெட்டிய கல் ஒன்று குப்புறக் கிடந்ததாம். ஊரைக் கட்டியவன் ஊரின் பெயரையே அதில் வெட்டி வைத்திருந்தான். பேராசிரியர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"ஊருக்குப் பேர் கெடச்சிருச்சு. ஓப்பீர் இல்லையாம்."

ஜஸ்டஸ் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். "அப்ப ஓப்பீர் எங்கண்ணு கேளுங்கக்கா."

பேராசிரியர் தோளைக் குலுக்கினார். ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள், அரபு நாடு என்பார்கள், ஆப்பிரிக்கா என்பார்கள், உங்கள் பக்கத்து உவரியைச் சொல்கிறவர்களும் உண்டு என்றார்.

"உவரியா?" பக்கத்துப் படுக்கையிலிருந்து ஷிபின் எழும்பினான். "எங்க அக்காவ கெட்டிக் குடுத்த ஊருலே அது! அங்க கருவாட்ட விட்டா என்ன இருக்கு?"

ஜஸ்டஸ் சிரிக்கப் பார்த்தான். விலா வலித்து நிறுத்திக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவருக்கும் அனுமதி வாங்கி ஆராதனைக்குக் கூட்டிப்போனேன். ஷிபின் சக்கர நாற்காலியில். கதை ஏற்கெனவே சபைக்குப் போயிருந்தது, பாதிதான் போயிருந்தது: ஷிபின் அடித்ததும் சுவர் விழுந்ததும் மட்டும். பாஸ்டர் ஜஸ்டஸை முன்னால் அழைத்தார். "அடிக்கிறவன் கையில ஆட்டுக்குட்டியப் போல நின்ன மனுசன். கர்த்தர் கல்லத் தள்ளி அவரக் காப்பாத்துனாரு. சொல்லுங்க பிரதர்."

ஜஸ்டஸ் மைக்கை இடது கையில் வாங்கினான்.

"கர்த்தர் தள்ளல, பாஸ்டர். செவுரு நிக்காதுண்ணு எனக்குத் தெரியும். கட்டைய எடுக்கச் சொன்னதும் நாந்தான். இவன் சாவணும்ணு நெனச்சேன். கை ஓங்கமாட்டேண்ணு இங்க நிண்ணு சொன்னேன் இல்லியா? கை ஓங்கல. வாயால அடிச்சேன். அது கையால அடிக்குறத விடப் பெரிய அடி."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தான். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் கீபோர்டுக்காரரைப் பார்த்தார், கீபோர்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்" என்றான் ஷிபின் நாற்காலியிலிருந்து, எல்லோருக்கும் கேட்க. "கட்டைய உருவும்போதே செவுரு நிக்காதுண்ணு தெரிஞ்சுது. உள்ளாற மண்ணு ஈரமா ஊறிக் கெடந்தது. பொட்டி இருக்கும்ணு நெனச்சு உள்ள போனேன்." பிறகு ஜஸ்டஸைப் பார்த்துக் கத்தினான். "போதும்லே. வண்டியத் தள்ளு. மூத்திரம் முட்டுது."

அவரவர் கம்பெனி இருவருடைய விசாவையும் ரத்து செய்தது. ஜஸ்டஸ் இனி வள்ளத்தில் ஏற மாட்டான். அந்தக் கையால் துடுப்புப் பிடிக்க முடியாது. ஊரில் ஐஸ் உடைக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. சபையில் அவனைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவதில்லையாம்.

அந்த வெள்ளிக்கிழமை, அவர்கள் வெளியே போக நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஜஸ்டஸ் ஒற்றைக் கையால் நாற்காலியைத் தள்ளினான். அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் உரசியது.

"லேய் மச்சான்" என்றான் ஷிபின், "செவுத்தப் பாத்துப் போ."