ஸ்ரீராம்புரத்தில் கை நனைக்காமல் வந்த ஞாயிறு

காலை ஏழு மணி வாக்கில் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினேன். பெங்களூருக்கு ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். பொதுப்பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் மகள் சுமதிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் வீடு ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வரத்தான் இந்தப் பயணம்.

சுமதி ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டு ஹாஸ்டலில் இருக்கிறாள். வயது முப்பது. முன்பு வந்த இடங்கள் எதுவும் அமையவில்லை. இந்த மாதிரி காரியங்களை அவள் அம்மாதான் பேசுவாள். அந்த அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கு நாலு பேர் எதிரில் வாய் வராது.

குப்பத்தில் ஏறிய ஒருவர் என் கையிலிருந்த பழப்பையைப் பார்த்தார்.

"வீடு பாக்கவா சார்?"

"ஆமாங்க."

"மொதல்ல பாத்ரூம் எங்கன்னு கேளுங்க. ஹால எல்லாரும்தான் கூட்டி வெப்பாங்க."

பெட்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பத்தரைக்கு மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறி இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினேன். என் மனைவியின் அண்ணன் கோவிந்தன் காத்திருந்தார். இந்த இடத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள் வழியாக அழைத்துப் போனார். வாசலுக்கு வாசல் நீல டிரம்கள். ஒரு வீட்டில் தமிழில் திட்டு. எதிர்வீட்டில் அதற்குக் கன்னடத்தில் பதில்.

மாடியில் இரண்டு அறை வீடு. சுத்தமாக இருந்தது. ரயிலில் வந்தவர் சொன்னபடி பாத்ரூமையும் பார்த்தேன், அதுவும் சுத்தம். மாப்பிள்ளை பிரகாஷ் வண்டி ஷோரூமில் மெக்கானிக். நான் உள்ளே நுழைந்ததுமே என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"அவங்க வேலைக்குப் போறது அவங்க இஷ்டம் மாமா. நான் அட்டி சொல்லமாட்டேன்" என்றார். நான் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்க நினைத்திருந்தேன்.

பன்னிரண்டரைக்கு இலை போட்டார்கள். எங்கள் பக்கத்தில் பேச்சு முடியாத வீட்டில் காபி குடிக்கலாம், சாப்பிடக் கூடாது. சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதைத்தான் கை நனைப்பது என்பார்கள். சுமதியும் பிரகாஷும் போனில் பேசிப் பிடித்துப்போனதால், அன்றே முடித்துவிடலாம் என்பது மச்சான் செய்த ஏற்பாடு.

"கை நனைங்கண்ணா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பிரகாஷே சாம்பார் ஊற்றினார். சூடாக இருந்தது, வாசனையும் நன்றாக இருந்தது. என் கை மடியிலேயே இருந்தது. எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. ஏன் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இதை எழுதும்போதும் தெரியவில்லை.

"இன்னிக்கு வேணாம்மா" என்றேன்.

"என்னண்ணா கொறை?"

"கொறை ஒண்ணும் இல்லைங்க."

அவர் முகம் சுருங்கியது. பிரகாஷ் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றார்.

மச்சான் என்னைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "வயிறு சரியில்லைன்னு சொல்லு மாப்ள. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

"வயிறு நல்லாத்தான் இருக்கு மச்சான். மனசு ஒப்பல."

"முப்பது வயசுப் பொண்ண வெச்சிக்கிட்டு மனசு கிட்ட போய் கேட்டுட்டு இருக்கியா? என் தங்கச்சி இருந்திருந்தா உன்ன இலைல புடிச்சி உக்கார வெச்சிருப்பா."

இருக்கலாம். நான் மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். மச்சான் ஸ்டேஷன் வரைக்கும் வரவில்லை.

மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் ஆர்.வி. ரோடு, அங்கே மாறி மஞ்சள் வழித்தடத்தில் ஹெப்பகோடி. ரயில் உயரத்தில் போகிறது. கீழே ஓசூர் ரோடு முழுக்க வண்டிகள் அசையாமல் நின்றன.

இரண்டரை மணிக்கு சுமதி ஸ்டேஷன் படிக்கட்டின் கீழ் நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"அங்க சாப்ட்டியாப்பா?"

"இல்லம்மா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "என்கிட்ட நல்லாத்தாம்பா பேசினாரு."

"என்கிட்டயும் நல்லாத்தான் பேசினாரு."

"வீடு?"

"வீடும் நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன்பா? ஹாஸ்டல்ல கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

சொல்வதற்கு ஒரு குறையாவது கிடைக்காதா என்று தேடினேன். பொய் சொல்லவும் வரவில்லை.

"உனக்கு வேணும்னா சொல்லும்மா. இப்பவே திரும்பிப் போய் உக்காந்து சாப்ட்டுட்டு வரேன்."

கம்பெனி பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

"வேணாம்பா. நீ சாப்பிடாம வந்துட்ட. இனிமே அங்க வாழப் போனா, அவரு குரல் கொஞ்சம் ஒசந்தாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வேண்டாம் என்று நான் சொன்னது எனக்காக மட்டும் இல்லை. வேண்டும் என்று சொல்லும் உரிமையை அவளிடமிருந்தும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஓசூர் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டாள். "ஊருக்குப் போய் போன் பண்ணு" என்றாள். பஸ் கிளம்பும் முன்பே திரும்பி நடந்தாள். புடவைக் கொசுவம் தடுக்காமல் இருக்க ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அத்திப்பள்ளி தாண்டியதும் கடைப்பலகைகள் தமிழுக்கு மாறின. வீடு பார்க்க வெளியூர் போய் வருபவர்களிடம் எங்கள் ஊரில் இரண்டு நாளைக்கு எல்லாரும் காரணம் கேட்பார்கள். அவர்களுக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். நான் செய்தது சரியா என்று தெரிய ஒரே வழிதான் இருந்தது: சுமதி அந்த வீட்டில் வாழ்ந்து பார்ப்பது. அது இனி நடக்காது.