வேம்பு நின்ற இடத்தில் மூன்றாவது அறை

நான் சின்னவளாக இருந்தபோது, வேப்பம்பூ உதிரும் மாதங்களில் எங்கள் வீட்டைச் சுற்றி இருந்த வளவைக் கூட்டி முடியாது... கூட்டிவிட்டுத் திரும்பினால் மறுபடியும் வெள்ளையாகக் கிடக்கும். வெறுங்காலோடு நடந்தால் பாதத்தில் ஒட்டும். அந்த இலேசான கசப்பு வாசம் பகல் முழுக்க வீட்டுக்குள்ளும் நிற்கும்.

புத்தளம் டவுனுக்குள், கடைத்தெருவுக்குப் பின்னால்தான் வீடு. அந்த நெருக்கடியிலும் இரண்டு மாமரம், கிணற்றடியில் தென்னை, நடுவில் வேம்பு. தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆளுக்கொரு வளவு இருந்ததால் ஊருக்கென்று ஒரு பூங்கா வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வழக்கம் தெரியும்தானே... பெண் பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். வாப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள்; நான் கடைசி. வேறு காணி வாங்க வசதியில்லை. மூத்த ராத்தாவுக்கு வீடு எழும்பியபோது மாமரங்கள் போயின. அடுத்த ராத்தாவுக்குக் கிணறும் தென்னையும். எனக்கென்று மிஞ்சியது வேம்பு நின்ற துண்டு.

அத்திவாரம் வெட்டுகிற கிழமை வாப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மகள், ரெண்டு அறையோட வீட்ட முடிச்சா மரம் தப்பும். நீங்க என்ன சொல்றீங்க?"

மாப்பிள்ளை வீட்டார் மூன்று அறை கேட்டிருந்தார்கள். ராத்தாமார் இருவருக்கும் மூன்று. எனக்கு மட்டும் ஏன் குறைய வேண்டும் என்ற வீம்பு...

"மூணு அறையே கட்டுங்க வாப்பா. மரத்த வெட்டலாம்."

மரம் விழுந்த அன்று மதியம் ளுஹர் தொழப் போன வாப்பா, பின்னேரம் அஸர் தொழுகையும் முடிந்துதான் வீட்டுக்கு வந்தார்.

இன்று எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் உடுப்பு மணக்கிறது. எல்லா வாப்பாமாரும் பிள்ளைப் பாசத்தில்தான் கட்டினார்கள். யாரைப் போய்க் குறை சொல்வது?

என் மகளுக்கு எட்டு வயது. மூச்சு இழுப்பு நோய். அந்த மூன்றாவது அறையில்தான் படுக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் ஒரு முழத்தில் ராத்தா வீட்டுச் சுவர். பின்னேரத்தில் மரங்கள் உள்ள இடமாகப் பார்த்து நடக்க விடுங்கள் என்றார் டொக்டர். எங்கே? ரோட்டில் லொறிப் புகை. கடல் நீர் தேங்கும் களப்புக் கரையில் பேருக்கும் நிழல் இல்லை. வீட்டிலாவது ஒரு கன்று நடலாம் என்றால் மிச்சமிருந்த முற்றத்துக்கும் சீமெந்து போட்டாயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வழி ஒன்றும் தெரியவில்லை.

போன லீவில் எலுவன்குளம் கிராமத்தில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கினோம். குளக்கட்டு மரங்களுக்குக் கீழே ஓடித் திரிந்தாள். இழுப்பு வரவேயில்லை... வீடு திரும்பிய அன்றே வந்துவிட்டது.

முகத்தில் மருந்து மெஷின் பிடித்து, மூச்சு கொஞ்சம் சீரானதும் கேட்டாள்.

"உம்மா, நம்மட வீட்டுல முந்தி மரம் இருந்திச்சா?"

"ஓம் மகள். பெரிய வேம்பு."

"யாரு வெட்டின?"

முந்தின ஆட்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவள் நம்பிவிட்டாள். கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவங்களுக்குப் புள்ளைகள் இல்லையா உம்மா?"