தோண்டி எடுத்த வண்டி

நகராட்சி பனி அவசரநிலை அறிவித்தால் அந்தத் தெருவில் முதலில் வெளியே வருகிறவள் கெயில் ரவுத்தியோ. அறுபத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் காலை வேலை. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊற்றிய கைக்குப் பனி அள்ளும் ஷவல் என்பது கொஞ்சம் பெரிய கரண்டி, அவ்வளவுதான். தன் பழைய நீலக் காரைச் சுற்றியிருக்கும் பனியை அள்ளிப் போடுவாள். பிறகு பக்கத்து வீட்டு விதவை ஸ்கோக்லண்ட் அம்மாளின் காரையும் தோண்டி எடுத்து, சாவி வாங்கி எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு வந்துதான் காப்பி குடிப்பாள். யாரும் அவளைக் கேட்டதில்லை. அமெரிக்காவின் வடக்கோரம், அந்த மினசோட்டாவில் உதவி கேட்பது நாகரிகமில்லை.

அதைவிடப் பெரிய நாகரிகம் ஒன்று உண்டு. யாராவது உதவட்டுமா என்றால் சட்டென்று சரி என்று சொல்லிவிடக் கூடாது. முதல் தடவை ‘ஐயோ, வேண்டாம்’. இரண்டாம் தடவை ‘உங்களுக்கு எதுக்குச் சிரமம்’. மூன்றாம் தடவையும் கேட்டால்தான் மனதாரக் கேட்கிறார்கள் என்று அர்த்தம், அப்போது தலையாட்டலாம். அவள் கணவன் லைல் அவளைக் கல்யாணம் கட்டிக்கொள்ளக் கேட்டபோதும் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவனும் அந்த ஊர்க்காரன்தானே, அலுக்காமல் கேட்டான்.

அந்த லைல் இப்போது ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் படுத்திருந்தான். பக்கவாதம். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் போய்விட்டது, பிடிவாதம் மட்டும் போகவில்லை. கெயில் ஊட்டினால் சாப்பிடுவான். வேறு யார் கரண்டியைக் கொண்டுவந்தாலும் வாயை இறுக மூடிக்கொள்வான். பள்ளி வேலை முடிந்ததும் தினமும் காரை எடுத்துக்கொண்டு ஓடி, மதியச் சாப்பாட்டை அவள்தான் ஊட்டினாள். எடை இன்னும் குறைந்தால் உணவு செலுத்த வயிற்றில் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். குழாய் போட்டவர்கள் திரும்ப வாயால் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. அந்தப் பழைய கார் ஓடுகிறவரை லைல் சாப்பிடுவான் என்பதே அவளுக்கு இருந்த ஒரே தைரியம்.

ஜனவரி மாதம் கொட்டித் தீர்த்தது. பள்ளிகள் மூடின. அவசரநிலையில் ஒரு நாள் இரட்டைப்படை எண் வீடுகளின் பக்கம் வண்டி நிற்கக் கூடாது, மறுநாள் ஒற்றைப்படைப் பக்கம். பனி தள்ளும் வண்டி வந்து ஓரம்வரை வழித்துவிட்டால் அந்தப் பக்கம் மறுபடி நிறுத்திக்கொள்ளலாம். மேட்டுத் தெருக்காரர்கள் இதையெல்லாம் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. அவர்களுக்கு வீட்டோடு வண்டி நிறுத்தும் கராஜ் இருக்கிறது. இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கும் கிடையாது. கராஜ் இல்லாதவர்களிடம் அபராதம் வசூலித்து கராஜ் இருப்பவர்களின் தெருவை முதலில் சுத்தம் செய்கிற ஊர் அது.

கெயில் அன்றும் விடியும்முன் இறங்கி இரண்டு கார்களையும் எதிர்ப்பக்கம் மாற்றினாள். எதிர் வீட்டு டஸ்டின் வெயில் ஊரான அரிசோனாவிலிருந்து வந்த பையன், ஆறு மாதம்தான் ஆகிறது. அவனுடைய பிக்கப் வண்டி அன்று நிற்கக் கூடாத இரட்டைப்படைப் பக்கத்தில், கெயில் வீட்டு வரிசையில், கூரைவரை புதைந்து கிடந்தது. அவனோ போர்வைக்குள் கிடந்தான். பனி தள்ளும் வண்டி வந்தது, பிக்கப்பைச் சுற்றி வளைந்து போனது. பின்னால் தார் கறுப்பாகத் தெரிந்தது. தார் தெரிந்தால் வேலை முடிந்தது என்பதுதான் அந்தத் தெருவில் எல்லாருடைய கணக்கும். கெயில் தன் காரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினாள். எதிர்ப்பக்கம் காலியானால் நாளைக்கு அங்கேயும் சுத்தமாக வழிக்கலாமே என்ற நல்ல எண்ணம் வேறு. லைலுக்கு மசித்த உருளைக்கிழங்கை டப்பாவில் போட உள்ளே போனாள்.

பனி வண்டி ஓரத்தை வழிக்க இன்னொரு தடவை வரவேண்டியிருந்தது. அதற்கு முன் இழுவை வண்டி வந்துவிட்டது. டப்பாவோடு வெளியே வந்தபோது காரின் முன்சக்கரங்கள் ஏற்கெனவே தரையை விட்டு எழும்பியிருந்தன. அவள் கத்தவில்லை. ஓட்டுநரிடம் போய், பின்னாலேயே ஒரு பிக்கப் நேற்றிலிருந்து நகராமல் நிற்கிறதே, அதை ஏன் தொடவில்லை என்று கேட்டாள்.

“அது புதைஞ்சு கெடக்கும்மா. இழுக்கணும்னா முதல்ல நான் தோண்டணும், அரைமணி போயிடும். அதுக்கு அபராதச் சீட்டு மட்டும்தான் சொருகியிருக்கேன்” என்றான் அவன். ஈரமில்லாத ஆள் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “உங்க வண்டி சுத்தமா இருக்குல்ல.”

“நான்தானே தோண்டுனேன்” என்றாள் கெயில்.

கார் போய்விட்டது. மீட்கக் கட்டணம், அபராதம், பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. காரை விற்றாலும் அவ்வளவு தேறாது. மறுநாள் டாக்சியில் போய் லைலுக்கு ஊட்டிவிட்டு வந்தாள். அந்த வாரச் சம்பளத்தில் பாதி அதிலேயே போயிற்று. பஸ் மால்வரைதான் போகும். அதற்கப்பால் நெடுஞ்சாலை, நடைபாதை இல்லை, ஓரமெல்லாம் ஆளுயரப் பனி.

அன்று சாயங்காலம் டஸ்டின் கதவைத் தட்டினான். பிக்கப்பைத் தோண்டி எடுத்துவிட்டான். விஷயம் கேள்விப்பட்டு அவனுக்கு நெஞ்சு உறுத்தியிருக்கிறது.

“நாளைக்கு நான் உங்கள அவர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமாம்மா?”

“ஐயோ, வேண்டாம்பா. உனக்கு வேலை இருக்கும்.”

“எனக்கு இந்த வாரம் பூரா லீவும்மா. தினமும்கூட வரேன்.”

தினமும் என்கிறானே. “உனக்கு எதுக்குப்பா சிரமம்? நான் பாத்துக்கறேன்” என்றாள். சொல்லிவிட்டு மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தாள்.

அரிசோனாவில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வயதானவள், தன்மானக்காரி, நெருக்கக் கூடாது என்று அவன் நினைத்தான். “சரிம்மா, தேவைன்னா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். கதவுப் பிடியைப் பிடித்தபடியே கெயில் நின்றாள். மறுநாள் கோட்டு மாட்டிக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்த டஸ்டின் அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு பிக்கப்பைக் கிளப்பிக்கொண்டு போனான். இதைக் கேட்கிற யாருக்கும் எரிச்சல் வரும். வாயைத் திறந்து கேட்டால் என்ன குறைந்துபோகும்? ஆனால் அறுபத்திரண்டு வருடம் கேட்காமலே வளர்ந்த வாய் ஒரே நாளில் திறந்துவிடுமா?

வெள்ளிக்கிழமை நகராட்சியில் அபராத விசாரணைக்குப் போனாள். அதிகாரி மரியாதையான மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டார். காரை இழுக்கும்முன் எடுத்த படத்தைக் காட்டினார். சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு முழம் பனி இருந்தது. ஓரம்வரை வழித்தால்தான் வழித்ததாகக் கணக்கு என்றார். தெருவில் யாருக்கும் அப்படித் தெரியாது என்றாள் அவள். தெரியாது என்பது காரணமாகாது என்று வருத்தத்தோடு சொன்னார். அபராதத்தில் பாதியைக் குறைத்தார். அதற்கு மேல் தனக்கு அதிகாரமில்லை என்றார்.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன் சார். நகராத வண்டிக்குச் சீட்டு. நகர்த்தினவ வண்டிய இழுத்துட்டீங்க. இது நியாயமா?”

அவர் பேனாவை மூடினார். “நியாயம் இல்ல மேடம். அடுத்த தடவ தோண்டாம விட்டுடுங்க. அதுதான் நல்லது.”

அடுத்த தடவைக்கு வண்டி வேண்டுமே. மீதியைக் கட்ட வழியில்லாமல் அன்றே காரை நகராட்சிக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். அதிலிருந்த லைலின் தொப்பியையும் ஒரு போர்வையையும் மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள்.

ஞாயிறு காலை இல்லத்திலிருந்து நர்ஸ் ஃபாட்டு கூப்பிட்டாள். லைபீரியாக்காரி, லைலிடம் பிரியம் உள்ளவள். அவர் நான்கு நாளாக எதையும் வாயில் வாங்கவில்லை என்றும், நேற்று புது ஆள் ஒருத்தி அவசரத்தில் வாயைத் திறந்து திணித்ததில் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விட்டது என்றும் சொன்னாள். இனி வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். குழாய்க்குக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்காக இல்லத்தின் வேன் வீட்டு வாசலுக்கே வந்தது. ஊட்டுவதற்கு வராத வேன், கையெழுத்து வாங்க வந்தது.

லைல் வற்றிப்போய்க் கிடந்தான். மூச்சில் கரகரப்பு இருந்தது. கெயில் நாற்காலியை வழக்கமான பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அவன் மெல்லத் தலையைத் திருப்பினான், அவளைப் பார்த்தான். அவள் இத்தனை நாள் எங்கே போனாள் என்று அவனால் கேட்க முடியாது. வாயை அகலத் திறந்தான்.

“கொடுக்கக் கூடாதும்மா” என்றாள் ஃபாட்டு.

“தெரியும்” என்றாள் கெயில். அவன் திறந்த வாயை மூடாமல் காத்துக்கொண்டிருந்தான்.