சனிக்கிழமை மாணவி

எங்கள் தலைமையாசிரியை ஐம்பத்திரண்டாம் வயதில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கக் கிளம்பியதில் அதிகம் அவதிப்பட்டவன் நான்தான். பாடம், பள்ளித் தலைமைத்துவம். கல்லூரிப் படி ஏற வேண்டியதில்லை, எல்லாம் இணையத்தில். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. வீட்டில் இணைப்பு அடிக்கடி படுத்துவிடும் என்று பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து படிப்பார். அதைத் திறந்துவிட நான் வர வேண்டும். நான் அந்தப் பள்ளியின் எழுத்தர். இருபத்திரண்டு வருடமாகச் சாவிக்கொத்து என் இடுப்பில்தான் தொங்குகிறது.

“பள்ளிக்கூடத்ததான் ஏற்கெனவே நடத்துறீங்களே மேடம், அதையே எதுக்கு மறுபடியும் படிக்கணும்?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“நடத்துறேன். சரியா நடத்துறேனான்னுதான் தெரியல” என்றார்.

எனக்கு இது வேண்டாத வேலையாகப் பட்டது. அவருக்கு முன் நான்கு தலைமையாசிரியர்களைப் பார்த்தவன் நான். ஒருத்தருக்கும் இந்தச் சந்தேகம் வந்ததில்லை. வந்திருக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் உண்டு, அது வேறு கதை.

ஆரம்பத்தில் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் திரைக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் அப்படியே இருப்பார். அந்தப் பக்கம் யாரும் கவனிக்க மாட்டார்கள். கடைசியில் கல்லூரியில் படிக்கும் மகள்தான் ஃபோனில் அதட்டினாள். “அம்மா, கீழ கை மாதிரி ஒரு படம் இருக்கும், அத அழுத்து. நிஜக் கையத் தூக்கினா யாருக்குத் தெரியும்?” அவர் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மனைவியின் கண்ணாடியை மூன்று வருடத்தில் இரண்டு முறை மாற்றிக் கொடுத்தது தன் பங்கு ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்வார்.

ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஆசிரியர் கூட்டத்தில் ஆசிரியர்கள் ஏன் வாயே திறப்பதில்லை? எங்கள் பள்ளியில் மாதம் ஒரு கூட்டம் உண்டு. “யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்று இவர் கேட்பார். இருபத்து நான்கு பேரும் அவரவர் கைப்பையைப் பார்ப்பார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதுவேன். எழுத என்ன இருக்கும்? கூட்டம் இனிதே நிறைவுற்றது.

மூன்றாம் வருடம் கேள்வித்தாள் தயாரித்தார். பெயர் எழுத மேலே ஒரு கோடு, வெள்ளிக்கிழமைக்குள் நேரில் ஒப்படைக்கவும் என்று கீழே ஒரு குறிப்பு. ஆசிரியர்கள் இதை ஏதோ ஆய்வாளர் வருகைக்கு ஒத்திகை என்று நினைத்துவிட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் வேதியியல் ஆசிரியை முதலில் எழுதினார், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். பரீட்சை அறையில் பிள்ளைகள் செய்தால் தாளைப் பிடுங்குகிறவர்கள்! இருபத்து நான்கு தாளிலும் ஒரே வாக்கியம்: எங்கள் பள்ளியில் அனைவரும் சுதந்திரமாகக் கருத்துச் சொல்கிறோம்.

இவர் என்ன செய்தார்? கைக்கு வந்த சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றுக்கும் சரி போட்டு, பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று மதிப்பெண்ணும் போட்டு, இரண்டு தாளில் ‘இன்னும் விரிவாக எழுதலாம்’ என்றும் எழுதிவைத்தார். ஸ்கேன் செய்து அனுப்பிய எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியைக்கு நாற்பது வயதுகூட இருக்காது. திரையில் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். “மேடம், அவங்க கருத்துக்கு மார்க் போட்டிருக்கீங்க.”

“பழக்கதோஷம்” என்றார் இவர், முகம் சிவந்து.

“நீங்களே கேட்டு நீங்களே வாங்கிக்கிட்டா யார் உண்மைய எழுதுவாங்க? இத வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது. ரெண்டு மாசத்துல மறுஆய்வுக் குழு கூடுது. போன வருஷம் உங்க வீட்டுக்காரர் ஆபரேஷனுக்காக ஒரு தடவ நீட்டிச்சாச்சு. மறுபடியும் நீட்டிக்க மாட்டாங்க. பதிவ ரத்து பண்ணிடுவாங்க.”

மூன்று வருடச் சனிக்கிழமைகள் வீணாகிற நிலை. திரை அணைந்த பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. “விட்டுத் தள்ளுங்க மேடம்” என்றேன். “கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?” என்று எரிந்து விழுந்தார்.

வழி காட்டியது பக்கத்துக் கட்டத்துக்காரர். திரையில் இவர் முகத்துக்கு அடுத்த கட்டத்தில் எப்போதும் தெரிகிற சக மாணவர், வேறொரு ஊரில் தலைமையாசிரியர். நம் ஆசிரியர்களிடம் அவர் ஃபோனில் பேசுவது, அவர் ஆசிரியர்களிடம் இவர் பேசுவது என்று ஏற்பாடு. பெயர் கிடையாது, எண் மட்டும். விருப்பம் இல்லாதவர் பேச வேண்டாம். பத்தொன்பது பேர் பேசினார்கள். வாயில் விசில் இல்லாமல் நான் பார்த்தே இராத உடற்கல்வி ஆசிரியர் ஒன்றேகால் மணி நேரம் பேசினாராம்.

அச்சுப்பொறி என் அறையில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, பக்கத்துக் கட்டத்துக்காரர் எழுதி அனுப்பிய பேச்சுகளை நூலகத்திலிருந்து மேடம் அச்சுக்குக் கொடுக்க, பக்கங்கள் என் மேசை ஓரம் வந்து விழுந்தன. பார்க்கக் கூடாது. பார்த்தேன்.

எண் பதினொன்று: ‘கூட்டத்துல பேசி என்ன ஆகப்போகுது? ஸ்டாஃப் ரூம்ல தும்மினாக்கூட அடுத்த பீரியடுக்குள்ள மேடத்துக்குத் தெரிஞ்சிடும். ஆஃபீஸ்ல ஒருத்தர் இருக்காரு.’

எண் பதினான்கிலும் நான். மொத்தம் ஆறு பேர் என்னைச் சொல்லியிருந்தார்கள்.

காது சுட்டது. தினமும் மாலை பதிவேட்டில் கையெழுத்து வாங்கப் போகும்போது காதில் விழுந்த இரண்டு சேதியைச் சொல்லிவிட்டு வருவேன். அதை விசுவாசம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஓவிய ஆசிரியை பாட அட்டவணையைக் கேலி செய்ததைச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேர மேற்பார்வை அவர் தலையில் விழுந்தது. இரண்டையும் நான் முடிச்சுப்போட்டுப் பார்த்ததே இல்லை. அவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

பதினொன்றாம் எண் யாரென்று பேச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தைக் கசக்கி எறியக் கை துடித்தது. ஆனால் மேடம் மூன்று வருடமாகத் தேடியது அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. எல்லாவற்றையும் அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

“படிச்சிட்டீங்களா?” என்றார், என் முகத்தைப் பார்த்ததும்.

“படிச்சிட்டேன் மேடம்.”

“படிச்சிருக்கக் கூடாது. உங்க ரூமுக்கு அனுப்பினது என் தப்பு.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நேத்து முழுக்க எனக்குச் சாப்பாடே இறங்கல. உங்க மேலதான் முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். நான் காது கொடுக்காம இருந்திருந்தா நீங்க எத்தன நாள் வந்து சொல்லியிருப்பீங்க?”

பழைய புத்தி போகுமா? “மேடம், அந்தப் பதினொண்ணாம் நம்பர்...” என்று ஆரம்பித்தேன்.

“வேணாம்” என்றார். அப்படியொரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை.

ஒன்றையும் மறைக்காமல் எழுதினார். தலைமையாசிரியை கோள் கேட்டார் என்பதையும் எழுதினார். மறுஆய்வு நாளன்று நூலகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். திரையில் மூன்று பேர். “இத வெளியிட்டா உங்களுக்கே கெட்ட பேராச்சேம்மா?” என்று ஒருவர் கேட்டது வெளியே கேட்டது.

“ஆமா சார். அதுக்குப் பயந்தா நான் வேற தலைப்புல்ல எடுத்திருக்கணும்?”

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். “தொடரச் சொல்லிட்டாங்க” என்றவர் அங்கேயே அழுதுவிட்டார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய் ஆசிரியர் கூட்டம். குறிப்பை இனி ஆசிரியர்களே முறைவைத்து எழுதட்டும், நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி. அப்புறம் இரண்டு, மூன்று. கடைசியில் ஒரே களேபரம்.

மாலையில் பதிவேட்டைக் கொண்டுபோனேன். “எங்கிட்ட என்னென்ன தப்புன்னு பதினேழு விஷயம் சொன்னாங்க” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“என்னப் பத்தி?”

“அத அவங்ககிட்டயே போய்க் கேளுங்க.”

கால் வரவில்லைதான். ஆனாலும் போனேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் என்னைக் கண்டதும் பேச்சு சட்டென்று நின்றது. உடற்கல்வி ஆசிரியர் மட்டும் தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.

“வாங்க சார், உக்காருங்க. உங்ககிட்டயும் நெறைய சொல்ல வேண்டியிருக்கு.”

உட்கார்ந்தேன்.