பக்கத்து வீட்டுத் தறி

உலகச் சண்டைக் காலத்தில் மதுரை தெற்குவாசல் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. ஊரெல்லாம் பரவிய விஷக்காய்ச்சல் என் வீட்டுக்காரருக்கும் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும், சொல்லச் சொல்லக் கேட்காமல் நெய்யத் தறிக்குழியில் இறங்கிவிட்டார். சாயங்காலமே காய்ச்சல் திரும்பியது. இருமினால் செம்மண் நிறத்தில் சளி வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்.

டாக்டர் முதுகில் தட்டிப் பார்த்தார். "ஃப்ளூ நெஞ்சை நலிய வச்சிருச்சு, அந்த எடத்துல நிமோனியா வந்து உக்காந்துக்கிருச்சு. வலது நுரையீரல் அடியில சளி கட்டிப்போச்சும்மா. இதுக்குள்ள மாத்திரை சண்டைக்குப் போனவுகளுக்கே பத்தலை. சாய்ச்சு உக்கார வை, சன்னலை மூடாத. மூச்சு இதைவிட வேகமாச்சுன்னா உடனே ஆளனுப்பு" என்றார்.

எங்கள் வீட்டில் ஏது கடிகாரம்? பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தை வைத்து எண்ணினேன். அது இரண்டு அடி அடிப்பதற்குள் நான் ஒரு மூச்சு விட்டேன். அவருக்கு அடிக்கு ஒரு மூச்சு.

மறுநாள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ஒரு வீட்டில் உயிர் இழுத்துக்கொண்டிருந்தால் அடுத்த வீட்டில் தறி அடிக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் அது மரியாதை. எனக்கு வந்ததே கோபம். இவர்களே முடிவு கட்டிவிட்டார்களா? பக்கத்து வீட்டு அண்ணனிடம் நேரே போய் நின்றேன்.

"அண்ணே, தறியை நிப்பாட்டாதீக."

"அதெப்படி தங்கச்சி, மாப்ள இம்புட்டு முடியாமக் கெடக்கையில..."

"சத்தம் இல்லாம நான் எப்படி மூச்சு எண்ணுறது? அவுக எந்திரிக்கிற வரைக்கும் அடிங்க. ஒரே சீரா அடிங்க."

அவர் குழியில் இறங்கினார்.

உமி மூட்டையில் என் வீட்டுக்காரரைச் சாய்த்து, சாம்பிராணிச் சட்டியோடு வந்த மாமியாரைப் புகை ஆகாதென்று வாசலோடு திருப்பி அனுப்பினேன். சாக விடுவதில்லை என்று தீர்மானித்த பிறகு யாருக்கு மனம் கோணினால் எனக்கென்ன? உள்ளுக்குள் பயந்து செத்தேன் என்பதும் நிஜம். எண்ணிக்கொண்டே இருந்தேன். காய்ச்சல் திரும்பிய ஆறாம் நாள் பகலில் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. இரண்டு அடிக்கு ஒரு மூச்சு வந்தது. மூன்று தடவை எண்ணிவிட்டு அழுதேன்.

பிழைத்தார். ஆனால் அந்த நெஞ்சு பழையபடி ஆகவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு எங்கள் தறியில் பாதி நேரம் நான்தான் உட்கார்ந்தேன்.

காய்ச்சல் வேர்த்து விட்ட அன்றே நன்றி சொல்லப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தார். தறியில் ஓர் இழை நூல் இல்லை. நூல் கிடைக்காத காலம்; நான் கேட்டுக்கொண்ட மூன்றாம் நாளே பாவு நூல் தீர்ந்திருக்கிறது.

"வெறுந்தறியவா அடிச்சீக?" என்றேன்.

"நீதான தங்கச்சி நிப்பாட்டக் கூடாதுன்ன" என்றார்.